பின்னங்கால் தளர்ந்த காவல் நாய்க்குத் தண்ணீரும் நடையும் மருந்து

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் ஏரிப் பாசனக் கழனிகளும் மேட்டுக் கொல்லைகளும் மாறி மாறி வரும். கடலை நெருங்க நெருங்க மணல் நிலத்தில் சவுக்கும் தென்னையும் வேர்க்கடலையும் காணலாம். இந்த நிலங்களில் இரவுக் காவல் பெரும்பாலும் நாயின் வேலைதான். பட்டியில் அடைத்த ஆட்டையும் கூண்டில் மூடிய கோழியையும் களத்தில் குவித்த கடலையையும் அது பார்த்துக்கொள்கிறது. பன்றி கொல்லையில் இறங்கினால் முதலில் குரல் கொடுப்பதும் அதுவே. சம்பளம் கேட்பதில்லை, ஒரு வேளைச் சோற்றுக்கு இரவு முழுவதும் விழித்திருக்கிறது.

அப்படிப்பட்ட நாய் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கச் சிரமப்படுகிறது. முன்னங்காலை ஊன்றி, இடுப்பை இழுத்துக்கொண்டு, இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகே நிற்கிறது. நடந்தால் பின்பக்கம் ஆடுகிறது. திண்ணைப் படி ஏறத் தயங்குகிறது. “இனி இது எதற்கும் ஆகாது” என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். சில வீடுகளில் அந்த நாயை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தொலைவான சாலையோரத்தில் விட்டுவிடுகிறார்கள். கால் தளர்ந்த நாயால் லாரிக்கு விலகி ஓட முடியாது; வேற்று நாய்களிடமிருந்து தப்பவும் முடியாது. அது சாவுக்கு அனுப்புவதே ஆகும். வளர்த்த பிராணியைக் காரணமின்றிக் கைவிட்டுப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாக்குவது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆனால் பின்னங்கால் தளர்ந்த நாய் எல்லாம் பயனற்றுப் போன நாய் அல்ல. இவற்றில் பலவற்றுக்கு இருப்பது இடுப்பு மூட்டின் வளர்ச்சிக் குறைபாடு. டாக்டர்கள் இதை ஹிப் டிஸ்பிளாசியா என்கிறார்கள். இது முழுவதும் குணமாகும் நோயல்ல. என்றாலும் எடையைக் குறைத்து, ஒத்தடம் கொடுத்து, முறையாக நடக்கவிட்டு, தண்ணீரில் பயிற்சி தந்தால் வலி குறைந்து பல ஆண்டுகள் நன்றாக நடமாடும். நகரத்தில் இதற்கென்று இயந்திரங்கள் உண்டு. கிராமத்தில் பம்புசெட் தொட்டியும், வரப்பும், ஏரிக்கரையும், ஒரு முழம் துணியும் இருந்தால் போதும்.

நோய் எப்படி உண்டாகிறது?

தொடை எலும்பின் மேல்முனை பந்து போல உருண்டையாக இருக்கும். இடுப்பு எலும்பில் அதற்கேற்ற கிண்ணம் போன்ற குழி உண்டு. உலக்கை முனை உரல் குழியில் சுழல்வது போலப் பந்து இந்தக் கிண்ணத்தில் சுழல்கிறது. இந்த நோயுள்ள குட்டிக்கு மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்ந்திருக்கும். பந்து கிண்ணத்தில் சரியாக உட்காராமல் அசைந்துகொண்டே இருக்கும். குட்டி வளர வளரக் கிண்ணம் ஆழமாவதற்குப் பதிலாகத் தட்டையாகிறது. பந்தும் உருண்டை வடிவை இழக்கிறது. பிறகு எலும்போடு எலும்பு உரசி, மூட்டு வீங்கி, வாதம் பிடித்துக்கொள்கிறது.

நாய்களுக்கு இந்த நோய் இருப்பதை முதலில் விவரித்து எழுதியவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல், ஆண்டு 1935. இது தாய் தந்தையிடமிருந்து வருவது என்றும், ஒரே ஒரு மரபுக்கூறால் அல்லாமல் பல கூறுகள் சேர்ந்து வருவது என்றும் பின்னர் தெரிய வந்தது. எனினும் பரம்பரை மட்டுமே காரணம் அல்ல. குட்டிக்குக் கிடைக்கும் தீனியும், அது வளரும் தரையும், அதன் ஓட்டமும் நோயைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். விவசாயியின் கையில் இருப்பது இந்தப் பகுதிதான்.

எந்த ஜாதிக்கு அதிகம்?

உடல் கனத்து வேகமாக வளரும் ஜாதிகளுக்கே இது அதிகம். அல்சேஷன் என்று அழைக்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், ராட்வைலர், செயின்ட் பெர்னார்டு ஆகியவை முக்கியமானவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பண்ணை வீடுகள் பெருகிய பிறகு இந்த ஜாதிகளும் இவற்றின் கலப்புக் குட்டிகளும் அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கும் வந்துவிட்டன. கலப்புக் குட்டி என்பதால் நோய் வராது என்று எண்ணக் கூடாது.

ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கொண்ட கிரேஹவுண்டு போன்ற வேட்டை ஜாதிகளில் இந்த நோய் மிக அரிது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே வகை உடல்வாகு உள்ளவை. கொல்லைக் காவலுக்கு நாய் தேடும் விவசாயி, கனத்த வெளிநாட்டு ஜாதிக்கு ஆசைப்படுவதற்கு முன் இதையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

அடையாளங்கள்

நோயுள்ள நாய் இரண்டு பருவங்களில் அடையாளம் காட்டும். சில குட்டிகள் ஐந்து மாதம் முதல் ஒரு வயதுக்குள் காட்டிவிடும். மற்றவை அதுவரை நன்றாக இருந்து, வயதான பிறகு மூட்டு வாதம் முற்றியதும் காட்டும். கவனிக்க வேண்டியவை:

ஓடும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் போலத் துள்ளும். படுத்து எழும்போது சிரமப்படும்; காலையிலும் மழைக் குளிரிலும் அது அதிகமாக இருக்கும். நடக்கும்போது இடுப்பு இருபக்கமும் ஆடும். படி ஏறவோ, வரப்பு தாண்டவோ, வண்டியில் தாவவோ தயங்கும். நாளடைவில் தொடைச் சதை வற்றி, பாரத்தை முன்னங்காலுக்கே கொடுப்பதால் தோள் மட்டும் பருத்துத் தோன்றும். முன்பு சாதுவாக இருந்த நாய் இடுப்பில் கை வைத்தால் உறுமும்.

இவை வேறு நோயாகவும் இருக்கலாம்

பின்னங்கால் தளர்ச்சி எல்லாம் இந்த நோயே என்று முடிவு கட்டுவது ஆபத்து. எல்லாவற்றிலும் முக்கியமானது வெறி நோய். நேற்று வரை ஓடிய நாய் திடீரென்று பின்பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தால், வாய் மூட முடியாமல் தொங்கினால், எச்சில் ஒழுகினால், குரல் மாறினால், தண்ணீர் விழுங்கத் திணறினால் அதைத் தொடவே கூடாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை விடக் கூடாது. தனியே அடைத்து உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ கீறலோ எச்சிலோ பட்டிருந்தால், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறி நோய் முற்றினால் மனிதனுக்கும் பிழைப்பு இல்லை. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட நாய்க்கே பயமின்றிச் சிகிச்சை செய்ய முடியும் என்பதை மறக்கக் கூடாது.

உண்ணிக் காய்ச்சலாலும் நாய் நொண்டும். காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி அப்பியிருந்து, காய்ச்சலும் சோர்வும் இருந்தால் ரத்தப் பரிசோதனை தேவை. முதுகுத் தண்டில் அடிபட்டாலும் பின்னங்கால் விழும்.

மாடு வளர்ப்போர் இன்னொன்றையும் குழப்பிக்கொள்வதுண்டு. உழவு மாட்டுக்கு முழங்கால் சில்லு மேலே ஏறிச் சிக்கிக்கொண்டு, கால் பின்னால் விறைத்து, பிறகு வெடுக்கென்று இழுபடும். அதற்குத் தசைநார் ஒன்றை டாக்டர் சிறு அறுவையில் வெட்டிவிட்டால் மாடு அநேகமாகச் சரியாகிவிடும். நாயின் இடுப்பு நோய் அப்படி ஒரே வெட்டில் தீருவதல்ல. மாட்டுக்குச் செய்ததை நாய்க்கும் செய்யச் சொல்லி வற்புறுத்துவதும், சூடு போடுவதும் பயன் தராது. சூட்டுக் காயம் புண்ணாகிப் புழு வைப்பதுதான் மிச்சமாகும்.

எக்ஸ்ரேயும் மருந்தும்

சந்தேகம் தீர எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டிப் படம் எடுப்பார்கள். முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டி, டாக்டர் சொன்னால் எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்குப் போகலாம். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். பெரிய அறுவைக்கும் அங்கே போகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

வலி அதிகமுள்ள நாட்களில் டாக்டர் வலி மருந்து எழுதித் தருவார். அதை எடைக்குத் தக்க அளவில், வயிற்றில் தீனி இருக்கும்போது தர வேண்டும். வீட்டில் கிடக்கும் மனிதர் மாத்திரையை உடைத்துப் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது நாயைக் கொல்லும் வழக்கம். டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் போன்ற மாத்திரைகளால் நாயின் குடல் புண்ணாகி ரத்தபேதி காணும், சிறுநீரகமும் கெடும். தலைவலித் தைலமும் தடவக் கூடாது. நாய் அதை நக்கி விழுங்கும். அதிலுள்ள கற்பூரமும் மற்ற சத்தும் அதற்கு விஷம்.

முதல் சிகிச்சை தட்டில் தொடங்குகிறது

பெருத்த நாய்க்கு எந்தப் பயிற்சியும் முழுப் பலன் தராது. கெட்டுப்போன மூட்டின் மேல் சுமை ஏறிக்கொண்டே இருக்கும்போது ஒத்தடம் என்ன செய்யும்? அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை 24 ஜோடிகளாகப் பிரித்து, வாழ்நாள் முழுவதும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஜோடியில் ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்குக் கால் பங்கு தீனி குறைத்துக் கொடுத்தார்கள். 2002-ல் முடிவு வெளியாயிற்று. அதிகம் தின்றவற்றின் நடுத்தர ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. குறைத்துத் தின்றவற்றுக்கு இடுப்பு மூட்டு வாதமும் பிந்தியே வந்தது. கால் பங்கு சோற்றைக் குறைத்ததால் கிடைத்த லாபம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு.

நாயின் எடை சரியா என்று பார்க்கத் தராசு வேண்டியதில்லை. விலாவில் கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். அழுத்தினால்தான் விலா தெரிகிறது என்றால் நாய் பெருத்துவிட்டது. சோற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, முட்டை, மீன் போன்ற சத்துள்ள தீனியில் ஒரு பங்கைச் சேர்க்கலாம். மீன் முள்ளை நீக்கிவிட வேண்டும். வீட்டில் ஆளுக்கு ஒரு கை போடுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒத்தடமும் உருவிவிடுதலும்

கிராமத்துக்கு ஒத்தடம் புதிதல்ல. தவிட்டையோ மணலையோ சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் அதே முறையே நாய்க்கும் உதவும். முடிப்பை முதலில் தன் முழங்கைக்குக் கீழே வைத்துப் பார்த்து, சூடு பொறுக்கும்படி இருந்தால்தான் நாயின் மேல் வைக்க வேண்டும். இடுப்பிலும் தொடையிலும் மாற்றி மாற்றி பத்து முதல் பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். பயிற்சிக்கு முன்பு சூடு கொடுத்தால் தசை இளகி நாய் எளிதாக நடக்கும். ஆனால் மூட்டு திடீரென வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் சூட்டு ஒத்தடம் கூடாது. அன்று துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைப்பதே சரி.

ஒத்தடத்துக்குப் பிறகு தொடைச் சதையை உள்ளங்கையால் மெதுவாக உருவிவிட வேண்டும். எலும்பின் மேல் அழுத்தக் கூடாது. முன்னங்கால், தோள், முதுகு ஆகியவற்றையும் உருவிவிடுவது நல்லது. பின்னங்காலின் பாரத்தையும் சேர்த்துச் சுமப்பதால் அங்கேயும் சதை இறுகியிருக்கும். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். ஆகவே முதல் சில நாட்கள் அகலமான துணி நாடாவால் வாயைக் கட்டிக்கொண்டு, பழகிய ஆளே செய்ய வேண்டும். கட்டு மூச்சை அடைக்கக் கூடாது. வெயிலில் நெடுநேரம் கட்டியிருக்கவும் கூடாது.

காலை மடக்கி நீட்டும் முறை

நாயைச் சாக்கின் மேல் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். நோயுள்ள கால் மேலே இருக்கட்டும். ஒரு கையால் முழங்காலைத் தாங்கி, மறு கையால் பாதத்தைப் பிடித்து, முழங்கால் வயிற்றை நோக்கி வருமாறு மெதுவாக மடக்க வேண்டும். இரண்டு மூன்று எண்ணும் வரை நிறுத்தி, பிறகு பின்னால் நீட்ட வேண்டும். இந்த நோயில் பின்னால் நீட்டும்போதுதான் வலி அதிகம். நாய் திரும்பிப் பார்த்தாலோ காலை இழுத்தாலோ அதுவே எல்லை. அதற்கு மேல் போகக் கூடாது. ஒரு காலுக்குப் பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை போதும். பிறகு திருப்பிப் படுக்கவைத்து மறு காலுக்கும் செய்ய வேண்டும்.

அடுத்தது உட்கார்ந்து எழும் பயிற்சி. ஒரு துண்டு மீனைக் காட்டி உட்காரச் சொல்லி, பிறகு எழுந்து நிற்கச் செய்வது. வழுக்காத தரையில் ஐந்து முறையில் தொடங்கலாம். தொடைச் சதை பலப்பட இது நல்ல வழி. கால் வழுக்கி அகன்று போனால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

நடை

கட்டிப் போட்டே வைத்தால் சதை வற்றும். அவிழ்த்துவிட்டால் பன்றியைத் துரத்தி மூட்டைக் கெடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்துவதே மருந்து. முதல் வாரம் வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. மறுநாள் காலை நொண்டல் கூடவில்லை என்றால் வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். கூடிவிட்டால் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் பயிற்சியால் கெடுதல் வராது.

மெதுவாக நடந்தால்தான் நாய் நான்கு காலையும் ஊன்றும். வேகமாக இழுத்தால் நோயுள்ள காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும். நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு ஏரிக்கரைச் சரிவில் மெதுவாக ஏற்றலாம். ஏற்றத்தில் பின்னங்காலுக்கு வேலை கூடும். நாலைந்து மூங்கில் கழிகளைத் தரையில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கவைப்பதும் காலைத் தூக்கிவைக்கப் பழக்கும். மதில் மேலிருந்து குதிப்பது, பந்து எறிந்து ஓடவைப்பது, மொபெட்டுக்குப் பின்னால் ஓடவிடுவது ஆகியவை அறவே கூடாது.

பம்புசெட் தொட்டியில் சிகிச்சை

தண்ணீர் உடலைத் தாங்கும் என்பது கிணற்றில் நீந்திய எல்லோருக்கும் தெரியும். நாயின் விஷயத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பின்னங்கால் கணு வரை தண்ணீரில் நிற்கும் நாயின் கால்கள் உடல் எடையில் 91 சதவிகிதத்தைச் சுமக்கின்றன. முழங்கால் வரை நின்றால் 85 சதவிகிதம். இடுப்பு மூட்டு வரை நின்றால் 38 சதவிகிதமே. அதாவது 30 கிலோ நாய் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கும்போது அதன் கால்களுக்கு ஏறத்தாழ பதினொன்றரைக் கிலோதான் சுமை. வலியில்லாமல் நடக்கலாம், அதே சமயம் தண்ணீரைத் தள்ளி நடப்பதால் சதைக்கு வேலையும் கிடைக்கும்.

தொட்டியில் தண்ணீரை நாயின் இடுப்பு உயரத்துக்கு மட்டும் விட வேண்டும். பெரிய நாய்க்கு ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் அடி இருக்கும். உள்ளே இறங்க மணல் மூட்டைகளைப் படி போல அடுக்கலாம். தூக்கிப் போடக் கூடாது. தொட்டி அடியில் பாசி இருந்தால் தேய்த்துக் கழுவி, பழைய சாக்கை விரித்துக் கல் வைக்க வேண்டும். வழுக்கி விழுந்தால் செய்த சிகிச்சை எல்லாம் வீண். ஒருவர் தொட்டிக்குள் இறங்கி, நாயின் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நடத்த வேண்டும்.

முதல் நாள் இரண்டு நிமிடம் போதும். பிறகு சற்று இளைப்பாறவிட்டு மேலும் இரண்டு நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகப் பத்து நிமிடம் வரை கூட்டலாம். மூச்சிரைப்பு அதிகமானால் உடனே வெளியே கொண்டுவர வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் தசை இறுகும். ஆகையால் மார்கழிக் காலையில் வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யலாம். முடிந்ததும் உடலைத் துவட்டி, காதுக்குள் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காதில் சீழ் பிடிக்கும். திறந்த புண் உள்ள நாயையும் காய்ச்சல் உள்ள நாயையும் இறக்கக் கூடாது.

பூச்சி மருந்து தெளிப்பானைக் கழுவிய தொட்டியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. மாடு குடிக்கும் தொட்டியானால், நாய் இறங்கிய தண்ணீரைக் கழனிக்குத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். மழைக் காலத்தில் தேங்கிய குட்டையிலும் கலங்கிய ஏரி ஓரத்திலும் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது நாய்க்கும் மனிதனுக்கும் வரும். அதற்கும் நாய்க்குத் தடுப்பூசி உண்டு. கிணற்றில் நாயை இறக்குவது உயிருக்கு ஆபத்து.

கடற்கரையில் கவனம்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மணல் ஒரு நல்ல பயிற்சிக் களம். ஆனால் எந்த மணல் என்பது முக்கியம். காலை வாங்கும் உலர்ந்த மணலில் நடப்பது நலமுள்ள நாய்க்கே கடினம். அலை வந்து போன ஈர மணல் கெட்டியாகவும் அதே சமயம் மெத்தென்றும் இருக்கும். தொடக்கத்தில் அதில்தான் நடத்த வேண்டும். பத்து மணிக்கு மேல் மணல் சுட்டுப் பாதம் கொப்பளிக்கும். விடியற்காலையும் மாலையும் ஏற்றவை.

கடலில் இறக்கி நீந்தவிடக் கூடாது. மாமல்லபுரத்துக் கடலின் உள்ளிழுப்பு மனித உயிர்களையே வாங்கியிருக்கிறது. கால் தளர்ந்த நாய் அதில் நிற்காது. கடல் தண்ணீரைக் குடித்தாலும் உப்பு ஏறி வாந்தியும் பேதியும் வலிப்பும் காணும். கூடவே நல்ல தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும். வீடு வந்ததும் உப்பும் மணலும் போகக் கழுவிவிட வேண்டும்.

படுக்கையும் தரையும்

வழவழப்பான சிமெண்டுத் தரையும் டைல்ஸ் தரையும் இந்த நாய்க்கு எதிரி. அது நடக்கும் வழியில் சாக்கையோ தென்னைநார் மிதியடியையோ விரிக்கலாம். படுக்கைக்குச் சாக்குக்குள் வைக்கோலை அடைத்துப் போட்டால் எலும்பு மேட்டில் புண் வராது. வாரம் ஒரு முறை வைக்கோலை மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையின் ஈரம் ஏறாதபடி பலகை போட்டு உயர்த்த வேண்டும். நீண்ட நகம் வழுக்கச் செய்யும், வெட்டிவிட வேண்டும். இரண்டு படி இருக்கும் இடத்தில் மண்ணைக் கொட்டிச் சரிவாக்குவது ஒரு நாள் வேலைதான்.

எப்போது பலன் தெரியும்?

ஒரு வாரத்தில் ஓடிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வற்றிய சதை திரும்ப இரண்டு மூன்று மாதமாவது ஆகும். ஒரு நூலைக் கொண்டு தொடையின் சுற்றளவை மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில் அளந்து முடிச்சுப் போட்டு வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். எழுந்திருக்க எத்தனை முயற்சி செய்கிறது, எத்தனை நிமிடம் நொண்டாமல் நடக்கிறது என்பதையும் நாட்காட்டியில் குறித்துவரலாம். டாக்டரிடம் போகும்போது அந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

இவ்வளவு செய்தும் வலி அடங்காத நாய்களுக்கு அறுவை உண்டு. தொடை எலும்பின் பந்துப் பகுதியை நீக்கிவிட்டால், அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து மூட்டுப் போல இயங்கும். எடை குறைந்த நாய்களுக்கு இது நன்றாகப் பலிக்கும். செயற்கை மூட்டுப் பொருத்துவதும் உண்டு. செலவு மிக அதிகம். எந்த அறுவைக்குப் பிறகும் மேலே சொன்ன பயிற்சிகளையே டாக்டர் சொல்லும் நாளிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். அறுவை செய்துவிட்டுக் கட்டிப் போட்டால் கால் விறைத்துப்போகும்.

குட்டி வாங்கும்போதே காக்கலாம்

நோயுள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. குட்டிக்கு விலை கிடைக்கிறது என்று விட்டால் அந்த நொண்டலை ஊருக்கெல்லாம் விற்பதாகும். கனத்த ஜாதிக் குட்டி வாங்குவோர் தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1966 முதலே இப்படிப் படம் பார்த்துச் சான்று தரும் அமைப்பு இயங்குகிறது. இரண்டு வயது முடிந்த நாய்க்கே இறுதிச் சான்று தருகிறார்கள். இங்கே படம் இல்லாவிட்டால், தாய் எழுந்து நடப்பதையாவது நேரில் பார்த்து வாங்க வேண்டும்.

குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் அளவுக்கு மீறித் தீனி போடுவதும், கடையில் வாங்கிய கால்சியம் டானிக்கை அளவின்றி ஊற்றுவதும் தவறு. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு மிதமிஞ்சிய கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

2012-ல் வெளியான நார்வே நாட்டு ஆய்வு ஒன்று விவசாயிகளுக்கு மகிழ்ச்சி தரும். லாப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய ஜாதிக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததில், மூன்று மாதத்துக்குள் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்த நோய் அதிகம் வந்தது. அதே வயதில் கட்டில்லாமல் வெளியே மென்மையான தரையில் ஓடியாடிய குட்டிகளுக்கும், பண்ணையில் பிறந்த குட்டிகளுக்கும் குறைவாக வந்தது. மாடி வீட்டில் கிடைக்காத மண்தரையும் புல்வரப்பும் கொல்லையில் சும்மா கிடைக்கின்றன.

காவல் தொடரும்

இந்தச் சிகிச்சைக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஒரு நாளைக்கு அரை மணி நேரமும் பொறுமையும்தான். அதுவும் தினம் தொட்டியில் குளிக்கும் நேரமும், மாலையில் வரப்பைச் சுற்றிப் பார்க்கும் நேரமுமே போதும். நாயையும் உடன் கொண்டுபோனால் ஆயிற்று. கால்நடை வளர்ப்பில் பயிற்சி பெற விரும்புவோருக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது.

கால் தளர்ந்த நாய் இனிப் பன்றியைத் துரத்தாது. துரத்தவும் விடக் கூடாது. ஆனால் இருட்டில் சலசலப்பைக் கேட்பது காது. அந்நியனை அறிவது மூக்கு. வீட்டாரை எழுப்புவது குரல். இவை மூன்றும் இடுப்பு மூட்டை நம்பியவை அல்ல. பட்டி வாசலில் வைக்கோல் மெத்தை மேல் படுத்தபடியே அது காவல் காக்கும். அதை எழுப்பி நடத்தும் பொறுப்பு மட்டும் வளர்த்தவருடையது.